மூன்றாம் கணினியைத் தொட்டு எண்ணிய விதம்

ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்று சுகுணாவுக்குத் தெரியவில்லை.

தீப்பெட்டி அகலத்துக்கு வெள்ளி நிறத் தாள். அதில் ‘பு.மே.க., பாப்பாரப்பட்டி, கணினி 3’ என்று கறுப்பு எழுத்து. அடிக்காகிதத்தை அவசரப்பட்டு உரித்துவிட்டாள். உரித்த ஸ்டிக்கரை எங்கேயும் வைக்க முடியாது, வைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியில் அதைத் தாங்கிக்கொண்டு மேலாளர் அறையின் நடுவில் நின்றாள்.

ஒட்டவேண்டிய கணினி அவள் எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வந்த விவசாயிகளுக்கெல்லாம் அதுதான் ரசீது அடித்துக் கொடுத்தது. ஆனால் அதற்கு உடம்பு கிடையாது. முதுகு, மூடி, அடிப்பாகம் எதுவுமே கிடையாது.

இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

புளி மேம்பாட்டுக் கழகம் புளியை மேம்படுத்தியதாக யாரும் சொன்னதில்லை. புளி மரத்தில் எப்போதும் போலக் காய்த்தது. விவசாயிகள் உலுக்கி, தட்டி, கொட்டை எடுத்து, கழகத்தின் குளிர் கிடங்கில் வைத்துவிட்டு, விலை ஏறும்போது எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த மூட்டை யாருடையது என்பது பாப்பாரப்பட்டி கிளையின் மூன்றாம் கணினிக்குத் தெரியும். அதை இயக்கத் தெரிந்தவள் சுகுணா.

கிளையில் மூன்று கணினிகள். முதலாவது மேலாளர் சந்திரமோகன் அறையில். இரண்டாவது பண்டகக் காப்பாளர் முருகேஷிடம். இருவரும் நிரந்தர ஊழியர்கள். கணினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓய்வுபெறும் வயதுவரை அவர்கள் இருப்பார்கள். சுகுணா அப்படியில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த ஆணையிலேயே எழுதியிருந்தது: பணியிடம் மூன்றாம் கணினியுடன் இணைந்தது, கணினி கழிக்கப்பட்டால் பணியிடமும் கழிந்ததாகக் கொள்ளப்படும். கணவன் மாதேஷ் லாரி ஓட்டியவன். தொப்பூர் இறக்கத்தில் கால் நசுங்கிய பிறகு கடத்தூரில் வீட்டோடு இருக்கிறான். அவள் தினமும் பஸ் மாறி வருவதும் போவதும்தான் அந்தக் குடும்பத்தின் வருமானம்.

கோடை மழையில் ஒருநாள் இடி விழுந்தது. மறுநாள் மூன்றாம் கணினியிலிருந்து வறுத்த வெங்காயம் கருகிய வாசனை வந்தது. தர்மபுரியிலிருந்து ஜாவீத் வந்து மூடியைக் கழற்றினான். கழகத்தின் கணினிகளைப் பழுதுபார்ப்பவன் அவன்.

“மதர்போர்டு போச்சுக்கா. டிஸ்க்கும் போச்சு. பேக்கப் இருக்குது, பயப்படாதீங்க.”

சுகுணா பயப்படவில்லை. பயப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

நகல் எடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கோப்புகளை மட்டும் எடுப்பது. வீடு மாறுகிறவர்கள் பாத்திரமும் துணிமணியும் மூட்டை கட்டுவதுபோல. இன்னொன்று, வட்டு முழுவதையும் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை அப்படியே எடுப்பது. இதில் சுவரில் அடித்த ஆணியும் அடுப்படிக் கரியும்கூட வந்துவிடும். ஜாவீத் எடுத்து வைத்திருந்தது இரண்டாவது வகை. அதை வைக்க ஒரு புதுப் பெட்டி இருந்தால் போதும். புதுப் பெட்டி கேட்டால் மூன்றாம் கணினி இல்லை என்று முதலில் எழுதித் தரவேண்டும். எழுதித் தந்த நொடியில் சுகுணா இல்லை.

அதனால் ஜாவீத் வேறு வழிக்குப் போனான். ஒரு கணினி, தான் கணினிதான் என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? கண் விழித்ததும் கேள்வி கேட்கிறது. எனக்கு நினைவகம் எவ்வளவு? என் வட்டு எங்கே? திரை உண்டா? பலகையில் இருக்கும் சில்லுகள் பதில் சொல்கின்றன. அந்தப் பதில்களைச் சில்லுகளுக்குப் பதிலாக ஒரு மென்பொருள் சொன்னால் அதற்கு வித்தியாசம் தெரியாது. மேலாளரின் கணினி புதிது, வேலையே பார்க்காதது, பலம் மிச்சம் இருந்தது. அதில் அந்த மென்பொருளைப் போட்டு, நகலைக் காட்டி, எழுந்திரு என்றான். அது எழுந்து உடனே நீலத்திரை காட்டி விழுந்தது.

“நான் காட்டுன டிஸ்க்கு புது மாதிரி. உள்ள இருக்கற விண்டோஸ் பழசு, அதுக்குப் பழைய மாதிரி கனெக்சன்தான் தெரியும்,” என்றான். வட்டு பழைய முறையில் இணைந்திருப்பதாகச் சொல்லச் சொன்னான். எழுந்தது. கிடங்கு மென்பொருள், பழைய நெட்வொர்க் அட்டையின் எண் இருந்தால்தான் திறக்கும். அந்த எண்ணையும் சொல்லச் சொன்னான். திறந்தது. மூட்டைகள் எல்லாம் அவரவர் பெயரில் இருந்தன. ‘கடந்த முறை இந்தக் கணினி சரியாக நிறுத்தப்படவில்லை’ என்று மட்டும் லேசாகக் குறைபட்டுக்கொண்டது.

“செத்ததே அதுக்குத் தெரியாதுக்கா.”

“இருக்கட்டுங்க. தெரிஞ்சு என்ன பண்ணப்போவுது,” என்றாள் சுகுணா.

கருகிய பெட்டியைக் கழகம் பழைய இரும்புக்குப் போட்டது. கழகம் வேகமாகச் செய்யும் ஒரே காரியம் அதுதான். கணினி ஓடிக்கொண்டிருந்ததால் எண் அப்படியே இருந்தது. எண் இருந்ததால் முருகேஷ் புது ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். மறுநாள் வருடாந்தர இருப்புச் சோதனை.

அந்தச் சோதனையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கழகத்தில் எதையும் தொட்டுத்தான் எண்ணுவார்கள். முன்னொரு காலத்தில் ஒரு அதிகாரி, கிளையில் இறங்காமல் பஸ் ஜன்னல் வழியாகவே நாற்காலிகளை எண்ணிவிட்டுப் போனார். பிறகுதான் அவை பக்கத்துக் கல்யாண மண்டபத்து நாற்காலிகள் என்று தெரிந்தது. அதிலிருந்து விதி வந்தது: தொடாதது இல்லாதது. அதிகாரி ஒவ்வொரு பொருளின் ஸ்டிக்கர் மேலும் இரண்டு விரல் வைத்து, பெயரும் எண்ணும் சொல்லி, ‘இருக்கிறது’ என்பார். அப்போதுதான் அது இருக்கும்.

“என் கம்ப்யூட்டர் மேல ஒட்டாதம்மா,” என்றார் சந்திரமோகன். “அதுல ஒண்ணாம் நம்பர் இருக்குது.”

“அதுக்குள்ளதாங்க சார் மூணு ஓடுது.”

“ஓடட்டும். ஒரே மாட்டுக்கு ரெண்டு காதுலயும் ரெண்டு நம்பர் வில்லை மாட்டுனா ரெண்டு மாடாயிடுமா? ரெண்டு தடவ லோன் வாங்குனதாத்தான் எழுதுவான்.”

“செனை மாடுன்னு வெச்சுக்கலாங்களே,” என்றார் முருகேஷ், வாசலில் நின்றபடி.

“கன்னுக்குட்டி வெளிய வரணுமில்ல. வராதாம், ஜாவீத் சொல்றான்.”

கடைசியில் திரையில் மூன்றாம் கணினி தெரிகிற சட்டகத்தின் மூலையில், கண்ணாடி மேலேயே ஸ்டிக்கரை ஒட்டினாள். விவசாயியின் பெயர் வருகிற இடம் பாதி மறைந்தது. மறைந்த இடத்தில் எதையும் அடிக்க முடியாமல் விட்டதால், அன்று மாலை ரசீது வாங்கியவர்கள் எல்லாருக்கும் தகப்பன் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஆய்வு அதிகாரி மாதவராஜ் சொன்ன நாளில் வரவில்லை. தொப்பூரில் டேங்கர் கவிழ்ந்து ஜீப் நகரவில்லை. அடுத்த நாள் வந்தார். மேசை, நாற்காலி, மின்விசிறி, தண்ணீர் டிரம், குப்பைக்கூடை என்று ஒவ்வொன்றையும் தொட்டு இருக்கச் செய்துகொண்டே மேலாளர் அறைக்கு வந்தார். பின்னால் முருகேஷ் ஈரத்துணியோடு வந்தார், விரல் துடைக்க.

“கணினி மூன்று?”

“இதுங்க சார்,” என்று திரையைக் காட்டினாள் சுகுணா.

மாதவராஜ் விரலை நீட்டினார். விரல் வருகிறதே என்று அவள் கையை இழுத்தபோது மவுஸ் அழுந்திச் சட்டகம் சுருங்கிக் கீழே போனது. கண்ணாடி மேல் ஸ்டிக்கர் இருந்தது. அதற்குப் பின்னால் மேலாளர் வைத்திருந்த முருகன் படம் இருந்தது.

“எங்கம்மா போச்சு?”

“கீழ இருக்குதுங்க சார்.”

அவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். அங்கே சந்திரமோகனின் செருப்பு இருந்தது. அதில் ஸ்டிக்கர் இல்லை.

‘ஆய்வின் தொடக்கத்தில் கணினி 3 காணப்பட்டது. ஆய்வின்போதே காணாமல் போனது’ என்று எழுதினார். சுகுணா ஒரு சொடுக்கில் அதைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினாள். எழுதியதை அழிக்க விதியில் இடமில்லை என்றார் அவர். காணாமல் போன பொருளுக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பொருள் கழிந்துவிடும். எல்லாரும் சுகுணாவைப் பார்த்தார்கள்.

அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்தாள். ஏட்டு நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

“கடைசியா எப்ப பாத்தீங்க?”

“இப்பத்தாங்க. பாத்துட்டுதான் வரேன்.”

“எங்க?”

“ஆபீசுலதாங்க. ஓடிக்கிட்டிருக்குது.”

“அப்புறம் காணோம்னு சொல்றீங்க?”

“நான் சொல்லலைங்க. எழுதிட்டாங்க.”

ஏட்டு பேனாவை மூடி மறுபடி திறந்தார். “என்ன கலரு?”

“கலரு இல்லைங்க.”

“ஒசரம், எடை ஏதாவது?”

“எடையும் இல்லைங்க. வேற பொட்டிக்குள்ள இருக்குது. வேணும்னா வேற பொட்டிக்கு மாத்திக்கலாம்.”

“அம்மா, கூடு விட்டுக் கூடு பாயறதெல்லாம் எங்க ஸ்டேசன்ல வராது. பேய் ஓட்டற சோளிங்கர் கிளிங்கர்னு போய்ப் பாருங்க,” என்றார். ஆனாலும் இரக்கப்பட்டு, மனு பெற்றதாக ஒரு சீட்டு போட்டுக் கொடுத்தார். நிறம் என்ற இடத்தில் ‘காற்று’ என்று எழுதியிருந்தார்.

இந்தச் சமயத்தில் ஜாவீத் உதவி செய்ய நினைத்தான். அவன் செய்த ஒரே தப்பு அதுதான்.

“சார், காணாம போனா போவட்டும். நான் இன்னொண்ணு வெச்சிருக்கேன்,” என்றான் மாதவராஜிடம். “ரெண்டாம் நம்பர் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி. ஓட்டிப் பாத்தாச்சு, நல்லா ஓடுது.”

அவன் சொன்னது நியாயமான ஏற்பாடு. உடம்பில்லாத கணினி என்பது கடைசியில் ஒரு பெரிய கோப்புதான். கோப்பை நகலெடுத்தால் கணினியே இரண்டாகிவிடும். ஒன்று விழுந்தால் மற்றது எழும். நகல் எழும்புகிறதா என்று அவ்வப்போது எழுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். எழுப்பிப் பார்க்காத நகலை நம்பக்கூடாது.

மாதவராஜின் முகம் வெளுத்தது. “அப்ப கணினி மூணு ரெண்டு இருக்குதா?”

“ஆமாங்க சார்.”

“தம்பி, பொருள் கொறைஞ்சா நஷ்டம். அதுக்கு விளக்கம் கேப்பாங்க, குடுக்கலாம். கூடினா? டெண்டர் எங்க? யாரு வாங்குனது? எங்கிருந்து வந்துது?”

“வாங்கலைங்க சார், காப்பி பண்ணுனது.”

“கழகத்துப் பொருளை ஆபீசுலயே உற்பத்தி பண்ணியிருக்கீங்க.”

உபரியை அழிக்க மூவர் குழு அமைந்தது. மாதவராஜ், சந்திரமோகன், சாட்சியாக இரவுக் காவலர் சென்றாயன். எது அசல், எது நகல் என்று குழு கேட்டது. இரண்டும் ஒன்றுதான் என்றான் ஜாவீத். கழகத்தில் அப்படி ஒரு நிலை கிடையாது என்றார் மாதவராஜ். அதனால் ஜன்னலுக்கு அருகில் இருப்பது நகல் என்று தீர்மானம் போட்டார்கள். ஜாவீத் ஒரு விசையை அழுத்தினான். கோப்பு போய்விட்டது.

“அழிஞ்சுதா?” என்று சாட்சியைக் கேட்டார் மாதவராஜ்.

“நான் கண்ணச் சிமிட்டிட்டேனுங்க,” என்றார் சென்றாயன். அவர் பொய் சொல்லாதவர்.

சாட்சி பார்க்காத அழிவு அழிவாகாது. அதனால் அழிப்பதற்காக மறுபடியும் ஒரு நகல் எடுக்க உத்தரவானது. நகல் எடுக்க மதியம் வரை ஆயிற்று. அந்த நேரத்தில் கிடங்கு மென்பொருளை நிறுத்தி வைத்ததால், புளி எடுக்க வந்தவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் முறை சென்றாயன் இரண்டு கையாலும் இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார். உபரி ஒழிந்தது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் சந்திரமோகனுக்கு ஒரு கஷ்டம் வந்தது. மூன்றாம் கணினி அவர் அறையில் ஓடியதால் விவசாயிகள் அவர் அறைக்குள் வந்தார்கள். அவர்கள் போன பிறகு அறையில் புளி வாசனை அடித்தது. புளி மேம்பாட்டுக் கழகத்தில் பணியாற்றிய இத்தனை வருடத்தில் அவருக்கு அந்த வாசனை புதிது. “இத இங்கிருந்து எடுத்துடுங்க,” என்றார். ஜாவீத் அதை இரண்டாம் கணினிக்கு மாற்றினான். சுகுணா டிபன் பையோடு முருகேஷின் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். தன் கணினியின் நிரந்தரத் தன்மை பாதிக்கப்படுவதாக முருகேஷ் எழுதிக் கொடுத்தார். திரும்ப மேலாளர் அறை. திரும்ப முருகேஷ். திரை மாறியது, விசைப்பலகை மாறியது, மவுஸ் மாறியது. மென்பொருள் எங்கே போனாலும் அதே பதில்களைச் சொன்னதால், உள்ளே இருந்தது தான் இடம் மாறியதையே அறியவில்லை. சுகுணாவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தாள். ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கரை நகத்தால் பெயர்த்து அடுத்த திரையில் ஒட்டினாள். பசை போய் அது சுருள ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை மாதவராஜ் எல்லாரையும் மேலாளர் அறையில் உட்காரவைத்துப் பேசினார். சுகுணாவுக்கு நாற்காலி போதவில்லை, நின்றாள்.

“என்னைக் கெட்டவன்னு நெனைக்கறீங்க,” என்று ஆரம்பித்தார். “வேலை நடக்குது நடக்குதுன்னு இந்தத் தம்பி சொல்லிக்கிட்டே இருக்கறாரு. வேலை நடக்குதான்னு நான் கேட்டனா? இந்தக் கழகத்துல யாராவது என்னைக்காவது அதக் கேட்டிருக்கறாங்களா? அரூர் பக்கம் ஒரு கிளையில ஜெனரேட்டர். தொட்டேன், இருந்துது, எழுதுனேன். அதுக்குள்ள இஞ்சினே கெடையாதுன்னு அப்புறம் சொன்னாங்க. உள்ள ஒரு சாரைப்பாம்பு குடும்பத்தோட இருந்துதாம். இருக்கட்டும். பொட்டி இருந்துதா இல்லையா? எனக்கு அதுக்காக நல்லாசிரியர்... நல்லூழியர் விருது குடுத்தாங்க. ஒரு பொருள் ஓடாம இருக்கறதுல யாருக்கும் கஷ்டமில்ல. பொருள் இல்லாம ஓடுதுன்னா, அது தப்பான முன்னுதாரணம். நாளைக்கு ஆபீசு இல்லாமலே புளி வித்துடுவாங்க. நம்ம கதி என்ன?”

அந்தக் கடைசிக் கேள்வியில் எல்லாருக்கும் பயம் வந்தது. சந்திரமோகன் தண்ணீர் குடித்தார்.

“ஸ்டேசன் சீட்டு இன்னைக்கு வரைக்குந்தான் செல்லும். அஞ்சு மணிக்குள்ள கணினி மூணை நான் தொடணும். தொடலைன்னா இல்லைன்னு எழுதிடுவேன். அந்தம்மா திங்கட்கிழமை வர வேண்டாம். எனக்கும் வருத்தந்தான்.” அவர் சுகுணாவைப் பார்த்தார். “நீ ஏதாவது சொல்றியாம்மா?”

“ஒண்ணுமில்லைங்க சார்.” திங்கட்கிழமை வராவிட்டால் செவ்வாய்க்கிழமை என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. மாதேஷிடம் எப்படிச் சொல்வது என்றும் தோன்றவில்லை. கடத்தூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்குமா என்பது மட்டும் தோன்றியது.

“விதியில வழி ஒண்ணு இருக்குதுங்க,” என்றார் முருகேஷ். அவருக்குச் சுகுணா மேல் அக்கறை இருந்தது. அதைவிட, அவள் போனால் ரசீது அடிக்கும் வேலை தன் தலையில் விழும் என்ற அக்கறையும் இருந்தது. “நம்ம போர்வெல் மோட்டாரு கீழ எங்கியோ ஆழத்துல கெடக்குது. அத எப்பிடித் தொட்டீங்க?”

“கயித்தத் தொட்டேன்.”

“அதாங்க. பொருளைத் தொட முடியலைன்னா, அதுல இருந்து பிரியாத பாகத்தத் தொட்டா போதும். கயித்துலதான் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கோம்.”

மாதவராஜ் விதியைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். இருந்தது. “சரி. கணினி மூணுக்குப் பிரியாத பாகம் எது? இந்தப் பொட்டியா?”

“அது மாறிடுச்சுங்க,” என்றான் ஜாவீத். “ரெண்டு மூணு தடவ மாத்திட்டோம்.”

“திரை?”

“மாறிடுச்சுங்க.”

“கீபோர்டு, மவுசு?”

“எல்லாமே மாறிடுச்சுங்க சார். அது எங்க வேணா ஓடும்.”

“எங்க ஓடுனாலும் கூடவே போனது எதுவுமே இல்லையா?”

முருகேஷ் திரும்பிச் சுகுணாவைப் பார்த்தார். சந்திரமோகனும் பார்த்தார். ஜாவீத் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

“சுகுணா கூடவே போச்சுங்க,” என்றார் முருகேஷ். “இங்க ஓடுனா இங்க உக்காரும். அங்க ஓடுனா அங்க உக்காரும். அது இல்லாட்டி கணினியும் ஓடாது.”

“ஆணையிலயும் அப்பிடித்தானே இருக்குது,” என்றார் சந்திரமோகன், நிம்மதியாக. “இணைந்ததுன்னு.”

மாதவராஜ் ஆணையை வாங்கி இரண்டு முறை படித்தார். பணியிடம் கணினியுடன் இணைந்தது என்றால், கணினி பணியிடத்துடன் இணைந்தது என்பதும் சரியாகத்தான் இருந்தது. “ஆட்சேபணை இருக்குதாம்மா?” என்று கேட்டார்.

“திங்கட்கிழமை வரலாங்களா?”

“வராம எப்பிடி? நீ வெளிய போறதுக்கே இனிமே அனுமதி வேணும்.”

ஜாவீத் அவளை வாசலுக்கு அழைத்துப்போய், “வேணாம்னா வேணாம்னு சொல்லுங்கக்கா, நான் வேற ஏதாவது பாக்கறேன்,” என்றான். அவள், “ஓடுதில்லைங்க தம்பி. வுடுங்க,” என்றாள்.

சுருண்ட ஸ்டிக்கரை முருகேஷ் நேராக்கி, சுகுணாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில், அவள் புகைப்படத்துக்குக் கீழே ஒட்டி, மேலே டேப் போட்டார். மாதவராஜ் அட்டை மேல் இரண்டு விரல் வைத்து, “கணினி மூன்று, இருக்கிறது,” என்றார்.

அன்றிலிருந்து அவளைத் தற்காலிக ஊழியர் என்று யாரும் சொல்ல முடியாது. தற்காலிக ஊழியரை மேலாளர் ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம். கழகத்தின் பொருளைக் கழிக்க மூவர் குழு வேண்டும், தலைமை அலுவலக ஒப்புதல் வேண்டும், ஏல அறிவிப்பு வேண்டும். அவ்வளவையும் செய்ய யாருக்கும் பொறுமை கிடையாது. ஆண்டுதோறும் அவளுக்குத் தேய்மானம் கணக்கிடுகிறார்கள்; அதனால் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

வேலை செய்கிற ஏற்பாடு இதுதான். மூன்றாம் கணினி முருகேஷின் பெட்டிக்குள் ஓடுகிறது. அதன் நகல் ஒன்றை ஜாவீத் தர்மபுரியில், கழகத்துக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறான், மாதம் ஒருமுறை எழுப்பியும் பார்க்கிறான். ஸ்டிக்கர் சுகுணாவின் அட்டையில் இருக்கிறது. மாலையில் முருகேஷ் ‘பராமரிப்புக்காக வெளியே’ என்று அனுமதிச் சீட்டு எழுதித் தருகிறார், அவள் அதைச் சென்றாயனிடம் காட்டிவிட்டு பஸ் ஏறுகிறாள். காலையில் திரும்பி வந்ததும் ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதிக்கொள்கிறார்கள்.